இடம், தேதி, கையொப்பம்

கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் உண்டு.
பலகை உண்டு. பூட்டும் உண்டு.
சாவி வேதியியல் ஆய்வக உதவியாளரிடம்,
அவர் உளுந்து பிடுங்க விடுப்பில்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
மேசைமேல் இரண்டு கட்டுப் படிவம்,
படிவத்தின் மேல் ஒரு பல்லி,
நேர்காணலுக்கு உட்கார்ந்ததுபோல்
அசையாமல்.

மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை.
"புதுசா அடிக்கணும்னா அம்பது,
இருக்குறதுல பேர் மாத்துனா பத்து."
பத்து ரூபாய்தான் இருந்தது என்பதில்லை,
புதிதாக அடிக்க
என்னிடம் என்ன இருந்தது?

கோப்பின் பெயர்: ஃபைனல் நியூ ஃபைனல் மூன்று.
மு. கலைவேந்தனை அழித்தேன்,
தையல்நாயகி என்று வைத்தேன்.
அவர் அப்பாவை அழித்து என் அப்பா.
இயற்பியலை அழித்துக் கணிதம்.
பலம்: கடின உழைப்பு. இருக்கட்டும்.
பலவீனம்: எல்லோரையும் நம்புவது. இருக்கட்டும்.
பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல்.
கர்சர் அங்கே துடித்துக்கொண்டே இருந்தது.
எனக்கு எது பொழுதுபோக்கு என்று
அந்த நிமிடம் தோன்றவில்லை.

முகாமுக்கு வந்த எங்கள் வகுப்பில்
பதினோரு பேருக்குத் தபால்தலை.
ஹபீபா அஞ்சலகம் போனதே
ஒரே ஒரு தடவை,
பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்ப.

எண்பது கம்பெனி என்றார்கள்.
எண்ணினேன், இருபத்தாறு மேசை.
கடன் வசூல், காப்பீடு, மறுபடி கடன் வசூல்.
ஏழாவது மேசைக்காரர்
பேனாவைத் திறக்காமல் கேட்டார்:
"தபால்தலையா? எந்த நாட்டுது?"
"மலேசியா."
ஏன் சொன்னேன் என்று தெரியாது.
அவர் கடைசி வரிக்குப் போனார்.
மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை.
இடம்: திருவாரூர். தேதி: மார்ச் 2017.
"அப்ப நீங்க எட்டாவதா, ஒம்பதாவதா?"
பக்கத்து மேசையும் சிரித்தது.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கஷ்டம்.

குத்தாலம் பேருந்தில்
காகிதத்தை நாலாக மடிக்கும்போதுதான் பார்த்தேன்,
அடி ஓரத்தில் எறும்பு வரிசைபோல்
ஒரு கைப்பேசி எண்.
என்னுடையதில்லை.
அழைத்தேன்.

தையல் இயந்திரங்களின் இரைச்சல்.
"ஹலோ, யாரு?"
"கலைவேந்தன்தானே?
உங்க ரெஸ்யூம் பார்த்துட்டுப் பேசறேன்."
இரைச்சல் சட்டென்று குறைந்தது.
ஒரு கதவு சாத்தும் சத்தம்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
"சொல்லுங்க மேடம்" என்றார்.

எட்டு வயல் தாண்டும்வரை
நான் பேசவில்லை.

பிறகு சொன்னேன், எல்லாவற்றையும்,
பத்து ரூபாய் உட்பட.
கோபப்படவில்லை.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் பிரிவு.
பழைய போனோடு போய்விட்டதாம் அந்தக் கோப்பு.
"உங்ககிட்ட இருந்தா எனக்கு அனுப்புங்களேன்,
வேற இடம் பாக்கணும்."
"அந்தத் தபால்தலை?"
"நெஜந்தாங்க. அதுல அது மட்டுந்தான் முழு நெஜம்.
கஜா புயல்ல நனைஞ்சு
எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு."

மறுநாள் அதே கடை, அதே நாற்காலி.
தையல்நாயகியை அழித்தேன்,
அவர் பெயரை அவருக்கே வைத்தேன்.
அனுபவம் என்ற தலைப்புக்குக் கீழே
இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.
அங்கே எழுதினேன்:
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பனியன்,
விட்டுப்போன தையலைக்
கண் பார்க்கும் முன்பே
விரல் கண்டுபிடித்துவிடும்.
இது அவர் சொன்னது. சொற்களை மட்டும் திருத்தினேன்.
தேதியைக் காலியாக விட்டேன்.
அவரே போட்டுக்கொள்ளட்டும்.

பிறகு ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தேன், எனக்கு.
கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"புதுசா? அம்பது ஆகும்மா."
தெரியும் என்றேன்.
முதலில் கடைசி வரியை அடித்தேன்.
இடம்: மயிலாடுதுறை.
மேலே இன்னும்
ஒன்றுமில்லை.